வாசலுக்குப் பூட்டு, பத்திரமோ அடகில்: ஒரு செய்தித்தாள் குடும்பம் தன் கம்பெனியை இழந்த கதை

2020 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் மெக்கிளாட்சி செய்தித்தாள் நிறுவனம் நியூயார்க்கில் உள்ள திவால் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தது. அன்றிரவும் அதன் இதழ்கள் அச்சாகின. மறுநாள் காலையில் கலிபோர்னியா முதல் ஃப்ளோரிடா வரை வழக்கம்போல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நிருபர்கள் வேலைக்குப் போனார்கள். அன்றாடச் செலவு போக அந்த நிறுவனத்திடம் பணம் மிஞ்சிக்கொண்டும் இருந்தது. ஆனாலும் 163 ஆண்டுகள் ஒரே குடும்பத்தின் பிடியில் இருந்த கம்பெனி அந்த ஆண்டிலேயே கைமாறிவிட்டது.

இணையம் வந்தது, செய்தித்தாள் போனது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. வருமானம் குறைந்ததற்கு இணையம் காரணம். ஆனால் வருமானம் குறைந்த எல்லாக் கம்பெனியும் திவாலாவதில்லை. அந்த மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். ஒன்று, குடும்பங்கள் தங்கள் செய்தித்தாளைக் காக்கப் போட்டுக்கொண்ட பங்குப் பூட்டு. இன்னொன்று, கடன். பங்குச் சந்தையைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் புரியும்படி, மெக்கிளாட்சி குடும்பத்தின் வரலாற்றை வைத்தே இரண்டையும் சொல்கிறேன்.

தேனீயின் பெயரில் ஒரு நாளிதழ்

கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு உலகின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து குவிந்த ஊர் சாக்ரமென்டோ. அங்கே 1857 பிப்ரவரி 3 அன்று 'டெய்லி பி' வெளிவந்தது. 'பி' என்றால் தேனீ. முதல் ஆசிரியர் ஜான் ரோலின் ரிட்ஜ், செரோக்கி பழங்குடியைச் சேர்ந்த எழுத்தாளர். விரைவிலேயே அவருடைய இடத்துக்கு அயர்லாந்திலிருந்து குடியேறிய ஜேம்ஸ் மெக்கிளாட்சி வந்தார். நிலமில்லாத குடியேறிகளின் பக்கம் நின்று 1850-இல் சிறைக்குப் போனவர் இவர். இந்த இதழ் யாருக்காகப் பேசும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

1883-இல் ஜேம்ஸ் இறந்ததும் மகன் சி.கே. மெக்கிளாட்சி ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். வணிகத்தை இன்னொரு மகன் வி.எஸ். மெக்கிளாட்சி கவனித்தார். தண்ணீரும் மின்சாரமும் மக்களின் உடைமையாக இருக்க வேண்டும் என்று சி.கே. ஓயாமல் தலையங்கம் எழுதினார். 1922-இல் ஃப்ரெஸ்னோ நகரத்துக்கும் ஒரு 'பி' பிறந்தது. நெவாடாவில் கூட்டாட்சி நீதிபதிகளை நியமிப்பதில் நுழைந்த அரசியல் செல்வாக்கை அம்பலப்படுத்தியதற்காக 'சாக்ரமென்டோ பி' 1935-இல், அமெரிக்க இதழியலின் உயர்ந்த விருதான புலிட்சர் பரிசைப் பொதுச்சேவைப் பிரிவில் பெற்றது.

இந்தக் குடும்பத்தின் மீது ஒரு கறையும் உண்டு. வி.எஸ். மெக்கிளாட்சி ஜப்பானியக் குடியேறிகளுக்கு எதிரான இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். ஜப்பானியர் அமெரிக்காவுக்குள் வரும் வழியை அடைத்த 1924-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகக் கடுமையாகப் பிரச்சாரம் செய்தவர். குடும்பத்தின் கையில் இருக்கும் செய்தித்தாள் துணிச்சலாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குடும்பத்தின் வெறுப்பும் அதே மையில்தான் அச்சாகும்.

1936-இல் சி.கே. இறந்தார். அடுத்து வருவார் என்று எல்லோரும் எண்ணியிருந்த மகன் கார்லோஸ் 1933-லேயே காலமாகியிருந்தார். மிச்சமிருந்தவர் மகள் எலினோர். நியூயார்க்கில் நாடகம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தவர். அச்சுக்கூடத்தை நடத்த வேண்டி வரும் என்று நினைத்தே பார்க்காதவர். நாடகத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பி, தலைவர் பொறுப்பை ஏற்றார். 1978 வரை, 42 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். மேடையில் தோன்றக் கூச்சப்பட்ட அந்தப் பெண்மணியின் காலத்தில்தான், ஏற்கெனவே இருந்த செய்தித்தாள், ரேடியோவோடு தொலைக்காட்சியும் சேர்ந்து அது ஓர் ஊடக நிறுவனமாக வளர்ந்தது. 1943-இல் வால்ட் டிஸ்னி இந்த இதழுக்காக 'ஸ்கூப்பி' என்ற குட்டித் தேனீயை வரைந்து கொடுத்தார்.

எலினோர் காலத்து நிகழ்ச்சி ஒன்று, குடும்ப உடைமை என்றால் என்ன என்பதை நன்றாகக் காட்டும். மூடி முத்திரையிடப்பட்ட நீதிமன்ற ஆவணம் ஒன்றிலிருந்து 'ஃப்ரெஸ்னோ பி' செய்தி வெளியிட்டது. தகவல் கொடுத்தவர் யார் என்று நீதிபதி கேட்டார். இதழைச் சேர்ந்த நான்கு பேர் சொல்ல மறுத்தார்கள். 1976-இல் நால்வரும் 15 நாள் சிறையில் இருந்தார்கள், கடைசிவரை சொல்லவில்லை. இந்த வழக்குச் செலவால் இந்தக் காலாண்டு லாபம் எவ்வளவு குறையும் என்று கேள்வி கேட்க அப்போது வெளிப் பங்குதாரர் ஒருவர்கூட அந்தக் கம்பெனியில் இல்லை.

மூன்று வரியில் இருந்த செல்வம்

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வாசகர் கொடுக்கும் காசிலிருந்து என்றுதான் பலரும் நினைப்பார்கள். அந்தக் காசு காகிதத்துக்கும் வீடு வீடாகப் போட்டுவிட்டு வருவதற்குமே சரியாகப் போய்விடும். அமெரிக்க நாளிதழ்களின் லாபம் விளம்பரத்திலிருந்து வந்தது. அதிலும் கொழுத்தது வரி விளம்பரம்.

ஞாயிற்றுக்கிழமை இதழின் பின்பக்கங்களில் வரும் ஒரு வாடகை விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'இரண்டு படுக்கையறை, முதல் மாடி, நாய் வளர்க்கலாம்', கீழே ஒரு தொலைபேசி எண். மொத்தம் மூன்றே வரி. கட்டணம் வரிக் கணக்கில். படம் வேண்டாம், நிருபர் வேண்டாம், வெளியூர்ப் பயணம் வேண்டாம். எழுதிக் கொடுப்பதே விளம்பரம் தருபவர்தான். அச்சிடும் செலவு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஊரில் ஒரே ஒரு பெரிய நாளிதழ் இருந்தால் வீட்டுக்காரருக்கு வேறு போக்கிடமும் இல்லை. கட்டணத்தை ஏற்றினாலும் வந்துதான் தீர வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான மூன்று வரிகள் சேர்ந்துதான் தலைநகரில் ஒரு நிருபருக்கும் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞருக்கும் சம்பளம் கொடுத்தன.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்கச் செய்தித்தாள்களுக்கு வரி விளம்பரத்தால் மட்டும் கிடைத்த வருமானம் சுமார் 1,960 கோடி டாலர். 2010-இல் அது 560 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியது. இடையில் நடந்தது என்ன? 1995-இல் சான் பிரான்சிஸ்கோவில் க்ரெய்க் நியூமார்க் தொடங்கிய க்ரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்களில் அதே மூன்று வரியைப் பெரும்பாலும் காசில்லாமல் போட முடிந்தது. நீளத்துக்கும் கட்டுப்பாடு இல்லை. புகைப்படமும் சேர்க்கலாம். இதில் வாசகர் செய்த துரோகம் எதுவும் இல்லை. செய்தி படித்தவரும் வீடு தேடியவரும் ஒரே காகிதத்தில் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்திப்பு கலைந்தது, அவ்வளவுதான்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

எந்தக் குடும்பக் கம்பெனிக்கும் மூன்றாம், நான்காம் தலைமுறையில் ஒரு சிக்கல் வரும். நிறுவியவருக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் கொள்ளுப்பேரர்கள் இருபது பேர் இருப்பார்கள். அவர்களில் பலர் வேறு ஊரில், வேறு தொழிலில் இருப்பார்கள். செய்தித்தாள் அவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் ஒரு காசோலை மட்டுமே. சிலர் தங்கள் பங்கை விற்றுக் காசாக்க விரும்புவார்கள். வாரிசு வரி கட்டவும் பணம் வேண்டும். இன்னும் பல ஊர் இதழ்களை வாங்கிப் பெரிதாக வேண்டுமானால் அதற்கும் பணம் வேண்டும். பங்குச் சந்தைக்குப் போனால் இந்தப் பணம் கிடைத்துவிடும். ஆனால் பங்கை வாங்குகிற வெளியாள் நாளைக்கு ஆசிரியரையே மாற்றச் சொல்வானே?

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் இருவகைப் பங்கு. மெக்கிளாட்சி நிறுவனம் 1988-இல் பங்குச் சந்தைக்குப் போனபோது ஏ வகை, பி வகை என்று பங்குகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. ஏ பங்கைச் சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் ஒரு பங்குக்குப் பத்தில் ஒரு பங்கு வாக்குத்தான். இயக்குநர் குழுவில் கால்வாசிப் பேரை மட்டுமே ஏ பங்குதாரர்கள் தேர்ந்தெடுக்கலாம். பி பங்கு குடும்பத்திடமே இருக்கும். ஒரு பங்குக்கு ஒரு முழு வாக்கு. முக்கால்வாசி இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான். ஆக, பணத்தில் பங்கு எல்லோருக்கும் உண்டு, அதிகாரம் குடும்பத்துக்கு. நியூயார்க் டைம்ஸை நடத்தும் ஓக்ஸ்-சுல்ஸ்பெர்கர் குடும்பமும் இப்படிப்பட்ட ஏற்பாட்டைத்தான் வைத்திருக்கிறது.

இந்தப் பூட்டை வெளியாள் உடைக்க முடியாது. குடும்பமே திறந்துவிடலாம். வால் ஸ்ட்ரீட் ஜர்னலை வைத்திருந்த பான்கிராஃப்ட் குடும்பத்தின் முன் 2007-இல் ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக் சுமார் 500 கோடி டாலரை வைத்தபோது அந்தக் குடும்பம் இரண்டுபட்டது. கடைசியில் கதவு திறந்தது. மெக்கிளாட்சி குடும்பம் தன் பூட்டைத் திறக்கவே இல்லை. அதனால்தான் இந்தக் கதை என்னை அதிகம் உறுத்துகிறது.

பூட்டே இல்லாத கம்பெனியின் கதி என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். நைட் சகோதரர்களின் கம்பெனியும் ரிட்டர் குடும்பத்தின் கம்பெனியும் 1974-இல் இணைந்து நைட் ரிட்டர் ஆனது. மயாமி ஹெரால்ட், ஃபிலடெல்ஃபியா இன்குவைரர் எனப் பெரிய இதழ்கள் எல்லாம் அதனிடம். ஈராக் போருக்கு முன்பு, அமெரிக்க அரசு சொன்ன பேரழிவு ஆயுதக் கதையை மற்ற பெரிய இதழ்கள் பெரும்பாலும் நம்பி எழுதிக்கொண்டிருந்தபோது, சந்தேகத்தோடு தோண்டித் துருவி எழுதியது நைட் ரிட்டரின் வாஷிங்டன் அலுவலகம். அப்படிப்பட்ட கம்பெனியில் குடும்பத்துக்குத் தனி வாக்கு இல்லை. 2005 நவம்பரில், ஏறத்தாழ 19 சதவீதப் பங்கு வைத்திருந்த ஒரு முதலீட்டு நிறுவனம், கம்பெனியையே விற்றுவிடுங்கள் என்று கடிதம் எழுதியது. நிர்வாகத்தால் தடுக்க முடியவில்லை. சில மாதங்களில் கம்பெனி விற்பனைக்கு வந்தது.

வாங்க வந்தது மெக்கிளாட்சி.

2006 மார்ச்

அப்போது மெக்கிளாட்சியிடம் 12 நாளிதழ்கள். நைட் ரிட்டரிடம் 32. தன்னைவிடப் பெரியதை விழுங்கக் கிளம்பியது சின்னக் கம்பெனி. விலை சுமார் 450 கோடி டாலர். அதோடு நைட் ரிட்டரின் 200 கோடி டாலர் கடனையும் தோளில் ஏற்றிக்கொண்டது. 32-இல் 12 இதழ்களை உடனே விற்றுவிட்டு, மக்கள்தொகை வேகமாக வளரும் ஊர்களின் இதழ்களை மட்டும் வைத்துக்கொள்வது திட்டம். தலைமை நிர்வாகி கேரி ப்ரூயிட் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் இயக்குநர் குழுவில் பெரும்பான்மை குடும்பத்தின் வாக்கில் வந்தது. குடும்பம் சம்மதிக்காமல் இது நடந்திருக்க முடியாது.

நல்ல எண்ணத்தில்தான் சம்மதித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். தரமான இதழ்கள் கண்டவர் கையில் சிக்காமல் நம்மிடம் வரட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு எண்ணத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கை எளிமையாகப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைப்பவை.

ஒரு செய்தித்தாளின் ஆண்டு வருமானம் 100. செலவு 75. மிச்சம் 25. இப்போது வருமானம் 80-க்கு இறங்குகிறது. சிக்கனமாக இருந்து செலவை 65-க்குக் கொண்டுவருகிறார்கள். மிச்சம் 15. வலிதான், ஆனால் கம்பெனி உயிரோடு இருக்கிறது. அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கவும் புதிதாக ஒன்றைத் தொடங்கிப் பார்க்கவும் அவகாசம் இருக்கிறது. அதே கம்பெனி ஆண்டுக்கு 12 வட்டி கட்ட வேண்டிய கடனில் இருந்தால்? 15-இல் 12 போய்விட்டது, கையில் 3. வருமானம் இன்னும் சரிந்து 70 ஆகிறது, செலவு 60. மிச்சம் 10. வட்டியோ அதே 12. இப்போது நிருபரை வீட்டுக்கு அனுப்பித்தான் வட்டி கட்ட வேண்டும். நிருபர் குறைந்தால் இதழ் மெலியும், இதழ் மெலிந்தால் வாசகர் குறைவார், வாசகர் குறைந்தால் விளம்பரம் குறையும். வருமானம் குறையும்போது செலவைக் குறைக்கலாம். வட்டியைக் குறைக்க முடியாது. கடன் என்பது இவ்வளவுதான்.

மெக்கிளாட்சிக்கு நேரமும் கைகொடுக்கவில்லை. அமெரிக்கச் செய்தித்தாள்களின் மொத்த விளம்பர வருமானம் உச்சத்தைத் தொட்ட ஆண்டு 2005, சுமார் 4,900 கோடி டாலர். அடுத்த ஆண்டே, சரிவின் வாசலில் நின்றுகொண்டு, இவர்கள் உச்ச விலைக்கு வாங்கினார்கள். வேகமாக வளரும் ஊர்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டவை கலிபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் ஏராளம். வீட்டு மனைச் சந்தை சரிந்தபோது பலமாக அடிபட்ட மாநிலங்களில் அந்த இரண்டும் உண்டு. வீட்டு விற்பனை விளம்பரங்களும் கூடவே விழுந்தன. 1998-இல் மினியாபொலிஸ் நகரின் ஸ்டார் டிரிபியூனை, அதை வைத்திருந்த கம்பெனியோடு சேர்த்து, 140 கோடி டாலருக்கு வாங்கியவர்கள், 2007-இல் அந்த இதழை 53 கோடிக்கு விற்றார்கள். வாங்கிய இதழ்கள் அந்த விலை பெறாது என்று கணக்கிலேயே மதிப்பைக் குறைத்து எழுத வேண்டி வந்ததால், 2007-ஆம் ஆண்டின் நஷ்டம் சுமார் 270 கோடி டாலர். 2005-இல் 70 டாலருக்கு மேல் விற்ற பங்கு 2009-இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. 2008 ஜூனில் 1,400 வேலைகள் போயின. 2009 மார்ச்சில் 1,600.

பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கும் காலம் தொடங்கியது. 2010-இல் வெளியிட்ட 87.5 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வட்டி 11.5 சதவீதம். அது சொத்துகளை ஈடாகக் காட்டி வாங்கிய கடன். பி பங்குகள் அப்போதும் பத்திரமாகக் குடும்பத்திடமே இருந்தன. வாசல் பூட்டு அசையவில்லை. ஆனால் வீட்டுப் பத்திரம் கடன் கொடுத்தவர் கையில்.

இணையத்தை இவர்கள் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்வது அநியாயம். பிற செய்தித்தாள் நிறுவனங்களோடு சேர்ந்து கார் விற்பனைக்கான கார்ஸ்.காம், வாடகை வீட்டுக்கான அபார்ட்மென்ட்ஸ்.காம் ஆகியவற்றில் மெக்கிளாட்சி பங்கு வைத்திருந்தது. வரி விளம்பரம் குடிபெயர்ந்த புது வீட்டில் இவர்களுக்கும் ஓர் அறை இருந்தது. 2014-இல் இரண்டும் விற்கப்பட்டன. கார்ஸ்.காமில் இருந்த கால்வாசிப் பங்குக்கு மட்டும், அரசுக்கு வரி கட்டுவதற்கு முன், 63 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. எதிர்காலத்துக்குச் சோறு போட்டிருக்கக்கூடிய சொத்து. கடன் சுமையால் அதை வைத்துக் காத்திருக்க முடியவில்லை.

கட்டடங்களும் போயின. மயாமியில் கடலைப் பார்த்து நின்ற மயாமி ஹெரால்ட் கட்டடமும் நிலமும் 2011-இல் 23.6 கோடி டாலருக்கு விற்கப்பட்டன. அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஓய்வூதிய நிதிக்குப் போனது. 2013-இல் இதழ் புறநகருக்குக் குடிபோனது. பிறகு பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். விரிகுடாவை எட்டிப் பார்க்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிய தலைமுறைக்கு அந்த இடிபாட்டைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இதே காலத்தில் நியூயார்க் டைம்ஸும் தள்ளாடியது. 2009-இல் மெக்சிகோவின் பெருங்கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிமிடம் 25 கோடி டாலரை ஏறத்தாழ 14 சதவீத வட்டிக்கு வாங்கும் நிலை வந்தது. குடும்பத்துக்குப் போகும் லாப ஈவையும் நிறுத்தினார்கள். ஆனால் அந்தக் கடன் கம்பெனியின் அளவுக்கு அடைக்கக்கூடியதாக இருந்தது. 2011-இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் இணையத்தில் படிக்கச் சந்தா வசூலிக்கத் தொடங்கினார்கள். உலகம் முழுவதும் வாசகர் உள்ள இதழ் என்ற வசதி அவர்களுக்கு உண்டு. ஃப்ரெஸ்னோவுக்கு அது இல்லை. அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆனாலும் பூட்டு இரண்டு குடும்பத்திடமும் ஒன்றுதான். ஒருவருக்கு மூச்சுவிட அவகாசம் இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

இத்தனைக்கும் நடுவில் இவர்களின் நிருபர்கள் செய்த வேலையைச் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டுப் பெயரளவுக் கம்பெனிகளில் பணம் மறைத்தவர்களைக் காட்டிக்கொடுத்த பனாமா ஆவணங்கள் பற்றிய செய்திகளுக்காக 2017-இல் கிடைத்த புலிட்சர் பரிசில் மெக்கிளாட்சிக்கும் மயாமி ஹெரால்டுக்கும் பங்கு உண்டு. சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்த பணக்காரன் ஜெஃப்ரி எப்ஸ்டீன் எவ்வளவு லேசாகத் தப்பினான் என்பதைப் பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிப் பிடித்துப் பேசி 2018-இல் வெளிக்கொண்டு வந்தவர் மயாமி ஹெரால்டின் ஜூலி கே. பிரவுன். ஆள் குறைப்பு ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்த ஓர் அலுவலகத்திலிருந்து வந்த வேலை அது.

கடைசி அடி ஓய்வூதியத்திலிருந்து வந்தது. பழைய கம்பெனிகளை வாங்கும்போது அவற்றின் பழைய ஊழியர்களுக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்தே வாங்குகிறோம். 24,000 பேருக்கு மேல் ஓய்வூதியம் தர வேண்டியிருந்தது. வேலையில் இருக்கும் ஒருவருக்கு ஓய்வூதியக்காரர் பத்துப் பேர் என்ற கணக்கு. 2020-இல் அந்த நிதிக்குக் கட்ட வேண்டிய பெருந்தொகைக்கு வழியில்லை. ஏறத்தாழ 70 கோடி டாலர் கடனும் பாக்கி. மனு நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த ஆண்டு ஜூலையில் நடந்த ஏலத்தில் ஜெயித்தது, கம்பெனிக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த 'சாத்தம்' (Chatham) என்ற ஹெட்ஜ் ஃபண்ட், அதாவது பெரும் பணக்காரர்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிறுவனம். விலை சுமார் 31 கோடி டாலர். அதிலும் பெரும்பங்கு ரொக்கம் அல்ல. தனக்கு வர வேண்டிய கடனை விலையில் கழித்துக்கொண்ட தொகை. நைட் ரிட்டருக்கு மட்டும் 450 கோடி கொடுத்த கம்பெனி, எல்லா இதழ்களோடும் சேர்த்து அந்த விலைக்குப் போனது. ஓய்வூதியப் பொறுப்பு அரசின் காப்பு நிறுவனத்திடம் சென்றது. செப்டம்பரில் கைமாற்றம் முடிந்தபோது ஏ பங்கும் பி பங்கும் ஒன்றாகவே மதிப்பிழந்து ரத்தாகின. இயக்குநர்களில் முக்கால்வாசிப் பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த நாள்வரை குடும்பத்திடம்தான் இருந்தது.